மூன்று முறுக்குக் கட்டு

அனுமந்தன்பட்டி,
புதன்கிழமை மாலை.

அன்பு மகன் ஜோவுக்கு,

உன் அம்மா ஆரோக்கியம்மாள் சொல்லச் சொல்ல எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். நீ அங்கே சாப்பிடுகிறாயா, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போகிறாயா, ஒன்றும் தெரியாமல் ஒரு வாரத்துக்கு மேலாக இங்கே ஒரு வாய் சோறு ஒழுங்காக இறங்கவில்லை. எத்தனை தடவை போன் அடித்தாலும் மணி போய்க்கொண்டே இருக்கிறது, நீ எடுப்பதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். நம் சுந்தர்ராஜ் ஃபாதர் லீவு முடிந்து நாளைக் காலையில் கிளம்புகிறார், மறுபடியும் உங்கள் பெல்ஜியத்துக்குப் படிக்கத்தான் போகிறார். அவர் கையில் கொடுத்து விடுகிறேன். போனை நீ எடுக்காமல் இருக்கலாம், ஃபாதர் நீட்டும் காகிதத்தை வாங்காமல் இருக்க முடியாதே. கூடவே அரைக் கிலோ ஏலக்காயும் இட்லிப் பொடியும் கொஞ்சம் அதிரசமும் வைத்திருக்கிறேன், அதிரசம் நொறுங்கியிருந்தால் ஃபாதரைக் கோபிக்காதே. எனக்குப் போன மாதம் கண் ஆபரேஷன் செய்தார்கள் அல்லவா, இன்னும் சொட்டு மருந்து விடும்போதெல்லாம் கண்ணை மூடிப் படுக்க வேண்டும், இப்போதும் அப்படித்தான் படுத்திருக்கிறேன், எழுதவும் கூடாது வாசிக்கவும் கூடாது. உன் தங்கை பெனிஷாதான் எழுதுகிறாள். நான் பேச்சுத் தமிழில் சொல்வதை அவள் புத்தகத் தமிழாக மாற்றிக்கொள்கிறாள், பத்தாவதில் படிப்பை நிறுத்தினாலும் கையெழுத்து மட்டும் முத்து முத்தாக இருக்கும், உனக்குத் தெரியும். எழுதி முடித்ததும் முதல் வரியிலிருந்து எனக்கு வாசித்துக் காட்ட வேண்டும், வாசிக்காமல் உறையை ஒட்டக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

முதலில் உன் தம்பி பிரபுவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், நீ அதைத்தான் தேடுவாய். தேனி ஆஸ்பத்திரியில் இருந்து ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். வலது பக்கம் காரை எலும்பு முறிந்ததற்குத் தகடு வைத்திருக்கிறார்கள். தாடை இரண்டு இடத்தில் விட்டுப்போயிருந்தது, பல்லோடு பல்லாகக் கட்டியிருக்கிறார்கள், ஆறு வாரம் வாயைத் திறக்கக் கூடாதாம். கஞ்சியும் ஜூஸும் குழல் வைத்து உறிஞ்சுகிறான். மாதுளம்பழத்தை வடிகட்டாமல் கொடுத்துவிட்டேன் என்று கையால் சைகை காட்டிச் சண்டை போட்டான், சண்டை போடுகிறான் என்றதும்தான் எனக்கு உயிர் வந்தது. மண்டையில் ஒன்றும் இல்லை, ஸ்கேன் எடுத்துப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். ஹெல்மெட் இரண்டாகப் பிளந்து கிடந்தது. அதைப் பார்த்த அன்றைக்கு உன் அப்பா ஆஸ்பத்திரி வராண்டாவில் சுவரோடு சுவராகச் சரிந்து உட்கார்ந்துவிட்டார், இந்த முப்பது வருடத்தில் அவரை அப்படி நான் பார்த்ததில்லை. அடுத்த மாதம் மூணாறில் நடக்கப்போகிற சைக்கிள் போட்டிக்கு இனிமேல் பிரபு போக முடியாது. அதைப் பற்றி அவன் கேட்கவும் இல்லை, நாங்கள் பேசவும் இல்லை.

நடந்தது உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும், அதனால் சொல்கிறேன். அன்றைக்குச் சனிக்கிழமை. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற அழகர் ஜீப் விடியற்காலையில் நம் வாசலுக்கே வந்தது. நீ விட்டுப்போன அந்தச் சைக்கிளை, உங்கள் ஊரில் சேற்றிலும் மேட்டிலும் தோளில் தூக்கிக்கொண்டு ஓடிப் பந்தயம் விடுவார்கள் என்பாயே, அந்தச் சைக்கிளை ஜீப்புக்கு மேலே கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு பிரபு மலைமேல் இருக்கிற கம்பம்மெட்டுக்குப் போனான். மேலே இறங்கி டீ குடித்துவிட்டு, ஜீப்புக்கு முன்னால் சைக்கிளில் இறங்கி வந்திருக்கிறான். காலி ஜீப்போடு அழகர் பின்னாலேயே வந்திருக்கிறான். முதல் வளைவு வலப்பக்கம் திரும்பும், நன்றாகத் திரும்பிவிட்டான். இரண்டாவது இடப்பக்கம். கீழே இருந்து ஒரு லாரி ஏறி வந்ததால் வேகத்தைக் குறைத்து உள்பக்கம் ஒடித்துத் திருப்பியிருக்கிறான், அவ்வளவுதான். அழகர் என்னிடம் வந்து, அக்கா, முன் சக்கரம் நட்ட கல்லு கணக்கா நின்னுபோச்சு, தம்பி மட்டும் காத்துல போனாப்ல, என்றான். லாரிக்காரர் பிரேக் அடித்ததால் என் பிள்ளை எனக்கு மிஞ்சினான். அந்த மனுஷன் யார், எந்த ஊர் என்றுகூடத் தெரியாது, தினமும் அவர் பேர் இல்லாமலே அவருக்காக ஜெபம் சொல்கிறேன்.

ஆஸ்பத்திரியில் மறுநாள் பிரபு இடது கையால் போனில் எழுதிக் காட்டினான். நான் முன் பிரேக்கைத் தொடவே இல்லை, தானாகப் பிடித்துக்கொண்டது என்று எழுதியிருந்தான். அங்கேதான் ஆரம்பித்தது. உன் அப்பா உத்தமபாளையத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கிற பிச்சைமணியை வரச் சொல்லி, தோட்டத்து மோட்டார் ரூமில் கிடந்த சைக்கிளைப் பார்க்கச் சொன்னார். அவர் தலைகீழாகப் போட்டுச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, வயரு சுத்தம், பிரேக் கட்டை சுத்தம், புதுசா மாட்டுன இந்தக் கொக்கிதான் வேலையக் காட்டிருக்கு, அந்த ஊரு சாமானுக்கு நம்ம மெட்டு என்னத்தத் தெரியும், என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பிரேக் பிடித்தால் முன்பக்கம் உதறுகிறது என்று பிரபு சொன்னதற்கு நீ ஆசையாக வாங்கி அனுப்பிய, பிரேக் வயரைத் தாங்கிப் பிடிக்கிற கொக்கி அது. அதைக் கேட்டபிறகு உன் அப்பாவை என்னால் பிடிக்க முடியவில்லை. போனை ஸ்பீக்கரில் போட்டு, ஏலே, நீ அனுப்புன சாமானாலதான் எம்புள்ள வாயக் கட்டிக்கிட்டுக் கெடக்கான், உனக்கு அங்கன வெளையாட்டு, எனக்கு இங்கன உசுரு, என்று கத்தினார். நீ ஒரு எதிர்ப்பேச்சு பேசவில்லை. ஆமாப்பா, என் தப்புதான், என்று சொல்லிவிட்டு வைத்தாய். அதோடு சரி. பிறகு ஒரே ஒரு மெசேஜ், கிறிஸ்துமஸுக்கு வரவில்லை, டிக்கெட்டை கேன்சல் செய்துவிட்டேன் என்று. அதை வாசித்துச் சொன்னதும் தோட்டத்துக்குப் போன உன் அப்பா இருட்டியபிறகுதான் வந்தார்.

தோட்டத்தில் பழம் பறிக்கிற நேரம். பன்னீர் திராட்சை இந்த வருடம் நல்ல கறுப்பு, ஆனால் மழை தூறிக்கொண்டே இருக்கிறது, இன்னும் இரண்டு நாள் நின்று பெய்தால் பழம் வெடித்துவிடும். மேற்குப் பக்கம் பந்தல் கம்பி இரண்டு இடத்தில் இறங்கியிருக்கிறது, கட்ட ஆள் இல்லை. இந்தப் பெண் பெனிஷா அன்றையிலிருந்து பந்தல் பக்கமே போவதில்லை. கம்பி கட்டுவதில் அவள் கை போல யாருக்கும் வராது, அப்பாவே சொல்வார். இப்போது கூப்பிட்டால் அடுப்படியை விட்டு வருவதில்லை, கேட்டதற்குத் தலையை ஆட்டுகிறாள், பேச்சு முன்னாலேயே குறைவு, இப்போது சுத்தமாக இல்லை. ராத்திரியும் பகலும் பிரபுவுக்குக் கஞ்சி காய்ச்சி வடிகட்டுவதுதான் வேலை. பயந்துவிட்டாள் போலிருக்கிறது. இதையும் எழுதுடி என்றால் பேனாவை வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். எழுது. நீ பேசினால் அவள் கேட்பாள் ஜோ, சின்ன வயதில் இருந்து அவள் பேசினது உன்னோடுதான்.

உனக்கு ஒன்று சொல்கிறேன், அம்மா சொல்கிறேன் என்று கேள். உன் அப்பா பங்கிராஸ் வாயில் வருவது வேறு, மனசில் இருப்பது வேறு. நீ பிறந்த வீட்டுக்கு நீ வராமல் குடிலில் நட்சத்திரம் கட்டி எனக்கு என்ன ஆகப்போகிறது. தப்பு யாரிடம் இருந்தாலும் பிள்ளை இறங்கி வந்தால் குறைந்துவிட மாட்டான். அதனால் நீ

அண்ணே, இதுவரை எழுதியது அம்மா சொன்னது. இந்த வரியிலிருந்து எழுதுவது பெனிஷா. அம்மா சொன்ன அடுத்த வார்த்தை, அதனால் நீ அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டுவிடு, என்பது. அதை எழுத என் கை போகவில்லை. அம்மா கண்ணை மூடிக் கட்டிலில் படுத்தபடி சொல்லிக்கொண்டேதான் இருக்கிறாள். பேனா ஓடுகிற சத்தம் கேட்பதால் அவள் சொல்வதை எழுதுகிறேன் என்று நினைத்திருக்கிறாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் நான் எழுதிவிட வேண்டும்.

கொக்கி மேல் தப்பில்லை. உன் மேலும் தப்பில்லை. முன் பிரேக் வயரை ஃபிரேமோடு சேர்த்துக் கட்டியது நான்.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் நீ வீடியோவில் சொல்லச் சொல்ல பிரபு அண்ணன் கொக்கியை மாட்டினான், நான் வயரைப் பிடித்துக்கொண்டேன், ஞாபகம் இருக்கும். முன்பு கொக்கி மேலே ஹேண்டில்பாருக்கு அடியில் இருந்தது, அதைக் கழற்றிவிட்டுப் புதுக் கொக்கியைக் கீழே, முன் சக்கரத்தைப் பிடித்திருக்கிற ஃபோர்க்கின் தலையில் மாட்டினோம். அதனால் வயருக்குப் போடும் கறுப்புக் கவரும் முன்பைவிட நீளமாக வெட்ட வேண்டியிருந்தது. வலது கைப் பிடியிலிருந்து அது இறங்கி, ஃபிரேமின் கழுத்துக் குழாயின் வலப்பக்கமாக வந்து, முன்னால் ஒரு வளைவு வளைந்து, கொக்கிக்குள் போயிற்று. அந்த வளைவு வெளியே துருத்திக்கொண்டு நின்றது. அப்போது நீ சொன்னாய், அது ஹேண்டிலோடயும் ஃபோர்க்கோடயும் சேந்து சுத்துற சாமான், ஃபிரேமுக்கும் அதுக்கும் பேச்சுவார்த்தையே கெடையாது, தொங்குனா தொங்கட்டும், எதோடயும் கட்டிராதீக, என்று. சொல்லிவிட்டு, பெனிஷா கேட்டுச்சா, என்று என் பேரைச் சொல்லியே கேட்டாய். நான் தலையாட்டினேன். எனக்குக் கேட்டது அண்ணே. நன்றாகவே கேட்டது.

நீ போனை வைத்ததும் பிரபு அண்ணன் கோயிலுக்குப் போகக் குளிக்கப் போனான். தெருவில் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு, வயரு கழுத்துல டொக்கு டொக்குனு அடிக்குது, என்று சொல்லிவிட்டுத்தான் போனான். நான் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அந்த வளைவையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் கட்டாத குறுக்கு நம் பந்தலில் ஒன்றுகூட இல்லை, உனக்கே தெரியும். கம்பியும் கம்பியும் கடக்கிற இடத்தில் கட்டு இல்லாவிட்டால் காய்ப் பாரம் ஏறும்போது மொத்தமும் இறங்கிவிடும். தொங்கும் கம்பியைப் பார்த்தால் அப்பா யார் கட்டியது என்று கேட்பார். நான் கட்டியதைப் பார்த்து ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் எனக்குச் சரியாக வந்தது என்று ஒன்றும் இல்லை, இது ஒன்றுதான் வரும். நீ சைக்கிள்காரன், அதனால் லூசாக விடச் சொல்கிறாய், கம்பியைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்று என் மனசு சொன்னது. சட்டைப் பையில் எப்போதும் கிடக்கிற கட்டுக்கம்பியை எடுத்தேன். பெயிண்டில் கீறல் விழாமல் இருக்கப் பழைய டியூப்பில் ஒரு துண்டு வெட்டி வைத்து, வயர் கழுத்துக் குழாயைக் கடக்கிற இடத்தில் சுற்றி, மூன்று முறுக்கு முறுக்கி, முனையை உள்ளே மடித்துவிட்டேன். வெளியே தெரியவே இல்லை. கையால் ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

சாயங்காலம் திருப்பலி முடிந்ததும் சுந்தர்ராஜ் ஃபாதர் சைக்கிளை மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். புது வண்டிக்குச் செய்கிறதுதானே. சைக்கிள் பழசு, கொக்கி புதுசு, ரெண்டுக்கும் சேத்து ஒரே தீர்த்தம்தான், என்று ஃபாதர் சிரித்தார். பிறகு வழக்கம்போலக் கோயிலை வலமாக மூன்று சுற்று. பிரபு அண்ணன் நின்றபடியே மிதித்துக்கொண்டு சுற்றினான், மூலைக்கு மூலை பிரேக் பிடித்துப் பார்த்தான், முன்பக்கம் உதறவே இல்லை. சத்தமும் நின்னுபோச்சு, ஜோ அண்ணன் கில்லாடிதான், என்றான். எல்லோரும் கை தட்டினார்கள். அண்ணே, கோயிலை வலம் வருகிறவன் ஹேண்டிலை வலப்பக்கம்தான் ஒடிப்பான். அந்த மூன்று சுற்றிலும் அவன் ஒரு தடவைகூட இடப்பக்கம் ஒடிக்கவில்லை. கோயிலில் இருந்து வீட்டுக்கு நேர்த்தெரு. வீட்டிலிருந்து மலைக்கு ஜீப்புக்கு மேலே போனது.

சனிக்கிழமை எல்லோரும் ஆஸ்பத்திரிக்கு ஓடிவிட்டார்கள். அழகர் அண்ணன் சைக்கிளைக் கொண்டுவந்து மோட்டார் ரூமில் சாய்த்துவிட்டுப் போனார். நான் மட்டும்தான் இருந்தேன். ஹேண்டிலைப் பிடித்து வலப்பக்கம் திருப்பினேன், சக்கரம் சுற்றியது. இடப்பக்கம் திருப்பினேன். பாதி திரும்புவதற்குள் சக்கரத்தை யாரோ கையால் பிடித்ததுபோல நின்றுவிட்டது. மறுபடி திருப்பினேன், மறுபடி நின்றது. இடப்பக்கம் திரும்பும்போது வலது பிடி முன்னால் போகிறது, ஃபோர்க் தலையும் விலகிப் போகிறது, நடுவில் என் கட்டு மட்டும் ஃபிரேமைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. பிறகு வயர் என்ன செய்யும், பிரேக்கைத்தான் இழுக்கும். அவ்வளவு பெரிய விழுகையிலும் என் கட்டு கொஞ்சம்கூட நெகிழவில்லை அண்ணே. பிளந்தது ஹெல்மெட், முறிந்தது எலும்பு, கட்டு அப்படியே இருந்தது.

நான் கட்டிங் பிளையரை எடுத்து அதை வெட்டிவிட்டேன். டியூப் துண்டைக் கிணற்றில் போட்டேன். கம்பியையும் போடத்தான் போனேன், கையை விரிக்க முடியவில்லை, தையல் டப்பாவில் நூல்கண்டுக்கு அடியில் வைத்துவிட்டேன். அதனால்தான் பிச்சைமணி அண்ணன் வந்து பார்த்தபோது எல்லாம் சுத்தமாக இருந்தது. அவர் கொக்கியைத் தட்டிக் காட்டியபோது நான் மோட்டார் ரூம் வாசலில்தான் நின்றேன். அப்பா உனக்குப் போன் போட்டுக் கத்தியபோது அடுப்படி வாசலில் கஞ்சிப் பாத்திரத்தோடு நின்றேன். இல்லப்பா என்று சொல்ல வாயைத் திறந்தேன். வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளுமே, அப்படி ஒட்டிக்கொண்டது. அதற்குள் நீ, என் தப்புதான், என்று சொல்லிவிட்டாய். நீ ஏன் அப்படிச் சொன்னாய்? கட்டாதே என்று சொன்னவன் நீதானே. கட்டச் சொல்லாததை எவளோ கட்டியிருப்பாள் என்று உனக்குத் தோன்றவில்லையா? தோன்றித்தான் சொல்லாமல் விட்டாயா? இந்தப் பதினோரு நாளில் எனக்குப் பயமாக இருந்ததெல்லாம் அப்பாவை நினைத்து இல்லை, இதை நினைத்துத்தான்.

பிரபு அண்ணனுக்குக் கஞ்சி கொடுக்கும்போது அவன் போனில், நீ ஏன் அழுவுற, நான்தான விழுந்தேன், என்று எழுதிக் காட்டுகிறான். இன்னொரு நாள், ஜோ அண்ணனத் திட்ட வேணாம்னு அப்பாட்ட சொல்லு, என்று எழுதினான். நான் தலையாட்டிவிட்டு வந்தேன். தலையாட்டுவதே எனக்கு வேலையாகிவிட்டது.

இப்போது அம்மா பேச்சை நிறுத்திவிட்டு, ஏன்டி, நான் சும்மா இருக்கையிலயும் பேனா ஓடுது, என்று கேட்கிறாள். மை திட்டுத் திட்டா விழுதும்மா, திருப்பி எழுதுறேன், என்று சொன்னேன். இதுதான் நான் சொல்லும் கடைசிப் பொய்யாக இருக்க வேண்டும். அந்தக் கம்பியை எடுத்து வந்து இந்தக் காகிதத்தின் ஓரத்தில் குத்தியிருக்கிறேன், உன் விரலில் குத்திவிடாமல் பார்த்துப் பிரி. அப்பா தோட்டத்திலிருந்து வந்துவிட்டார், கால் கழுவும் சத்தம் கேட்கிறது. இனி அம்மா சொல்வது.

ஜோ, மழைக்காலம் இங்கே, பனிக்காலம் அங்கே, தலையைத் துவட்டாமல் வெளியே போகாதே. வேலையில் நீ பார்த்துக்கொள்கிற அந்த வயதானவர்களிடம் கோபப்படாதே, நம் வீட்டுக் கோபத்தை அவர்களிடம் காட்டிவிடாதே. ஃபாதரை ஒருநாள் கூப்பிட்டுச் சோறு ஆக்கிப் போடு. ஏலக்காயை டப்பாவில் போட்டு இறுக்கி மூடு, வாசம் போய்விடும். டிக்கெட் மறுபடி கிடைக்குமா என்று கேட்டுப் பார், கிடைக்காவிட்டால் பொங்கலுக்காவது வா, அதற்குள் பிரபு வாய் திறந்துவிடுவான், உன்னிடம் முதல் வார்த்தை பேச வேண்டும் என்று எழுதிக் காட்டினான். உன் நெற்றியில் சிலுவை போட்டு முத்தம் கொடுத்ததாக நினைத்துக்கொள். மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்திருப்பாள். போன் மணி அடித்தால் எடு.

என்றும் உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
ஆரோக்கியம்மாள்.

அம்மாவுக்காக எழுதியது, இடையில் தனக்காகவும் எழுதியது, பெனிஷா.

அண்ணே, உறையை ஒட்டுவதற்கு முன்னால் இதை எழுதுகிறேன். அம்மா வாசிக்கச் சொன்னாள். அப்பாவும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து பிரபு அண்ணன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். அம்மா சொன்ன வரிகளை மட்டும் வாசித்துவிட்டு நடுவில் உள்ளதைத் தாண்டிப்போயிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. தாண்டவில்லை. மூன்று இடத்தில் குரல் நின்றுவிட்டது, ஒவ்வொரு தடவையும் அப்பா, ம், என்றார், மறுபடி வாசித்தேன். முழுவதும் எழுந்து நின்றே வாசித்தேன். அம்மா கண்ணில் இருந்து தண்ணீர் வந்தது, மருந்தா அழுகையா என்று தெரியவில்லை. பிரபு அண்ணன் இடது கையை நீட்டி என் பாவாடையைப் பிடித்துக்கொண்டான். அப்பா காகிதத்தை வாங்கி, ஓரத்தில் குத்தியிருந்த கம்பியை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். மூணு முறுக்கா, என்று கேட்டார். ஆமாம்ப்பா, என்றேன். தலையாட்டவில்லை, வாயால்தான் சொன்னேன். பேனாவைக் கொடு என்று கையை நீட்டினார். கீழே உள்ளது அப்பாவின் கையெழுத்து.

ஜோ, அப்பா. நான் உன்னய கேக்காம பேசிட்டேன். ஃபாதர் இதக் குடுத்த மறுநாளு உங்க ஊரு காலையில ஆறு மணிக்குக் கூப்புடுறேன் எடு. சத்தம் போட மாட்டேன். பெனிஷாவையும் திட்டல.